டாட் கார்டன் என்றால் தோட்டக்காரர்களுக்குச் சொந்தமா?

இணைய முகவரியின் வால் பகுதி, அதாவது .காம், .ஆர்க் என்று முடியும் துண்டு, பல ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி பேச்சுக்கு வந்திருக்கிறது. புதுப் பின்னொட்டுகளுக்கான அடுத்த விண்ணப்பச் சுற்றை 2026-க்கு, இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐகான் அறிவித்ததுதான் காரணம். கூடவே பழைய சந்தேகம் ஒன்றும் தலைதூக்குகிறது: ஒரு தொழிலின் பெயரையோ பொழுதுபோக்கின் பெயரையோ பின்னொட்டாக வைத்துவிட்டால், அது அந்த மக்களுக்குச் சொந்தமாகிவிடுமா?

தோட்டக்கலைக்கு .கார்டன் ஏற்கெனவே இருக்கிறது. விதை சேகரிப்பவர், நாற்றங்கால் நடத்துபவர், நாலு தொட்டி வைத்திருப்பவர் எல்லாரும் ஒரே தெருவில் குடியேறலாம் என்பதுபோல் அதற்கு விளம்பரம். அந்தத் தெருவில் யார் வேண்டுமானாலும் வீடு கட்டலாம். தெருவையே ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு விற்கவும் முடியும். விளம்பரத்தில் இந்த இரண்டும் வராது.

(பின்னொட்டுகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். பிரவுசரில் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

## வலமிருந்து இடமாகப் படிக்கும் முகவரி

மல்லி.கார்டன் என்று ஒரு பெயர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாம் அதை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். கணினி வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. அதன் கணக்கில் கார்டனுக்குப் பின்னால் நாம் யாரும் எழுதாத இன்னொரு புள்ளி இருக்கிறது. அந்தக் கடைசிப் புள்ளிதான் வேர். ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியைக் கூடுதலாக அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் வழக்கம்போல் திறந்துவிடும்.

தேடல் நடக்கும் வரிசை இது:

1. மல்லி.கார்டன் எங்கே என்று பிரவுசர் ஒரு ரிசால்வரிடம், அதாவது பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தரும் சர்வரிடம், கேட்கிறது. இணைய இணைப்பு தரும் நிறுவனமே பெரும்பாலும் இந்த ரிசால்வரை நடத்தும்.
2. ரிசால்வருக்கு விடை தெரியாவிட்டால் வேரில் இருக்கும் ரூட் சர்வரிடம் போகும். ரூட் சர்வர்களுக்கு 13 பெயர்கள் உண்டு, அவற்றை நடத்துவது 12 அமைப்புகள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் உலகெங்கும் பல நகல்கள் ஓடுகின்றன. ரூட் சர்வருக்கு மல்லியைத் தெரியாது. ".கார்டன் சமாசாரமா, அந்த சர்வர்களைக் கேள்" என்று கைகாட்டிவிடும்.
3. .கார்டன் சர்வரும் முழு விடை தராது. மல்லி என்ற பெயரைப் பதிந்தவர் எந்த சர்வரைக் குறித்துக் கொடுத்திருக்கிறாரோ அதைக் காட்டும்.
4. அந்த சர்வர்தான் கடைசியில் ஐபி எண்ணை, அதாவது தளம் இருக்கும் கணினியின் எண் முகவரியைச் சொல்லும். ரிசால்வர் அதைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும், உடனே இன்னொரு முறை கேட்டால் இத்தனை படி ஏற வேண்டியதில்லை.

மூன்றாவது படியில் கொஞ்சம் நில்லுங்கள். .கார்டன் சர்வர்களின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும்வரைதான் உங்கள் தளமும் இருக்கும், அந்தப் பெயரில் வரும் மெயிலும் இருக்கும். அழகுக்கு ஒட்டும் வால் என்று நினைத்து வாங்குபவர்கள் உண்மையில் ஒரு வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

## வீட்டுக்காரர், தரகர், குடித்தனக்காரர்

பின்னொட்டை நடத்தும் நிறுவனத்துக்குப் பெயர் ரெஜிஸ்ட்ரி. அந்தப் பின்னொட்டில் முடியும் எல்லாப் பெயர்களின் மூலப் பட்டியலும் அதனிடம்தான் இருக்கும். அது நேரடியாக நம்மிடம் விற்பதில்லை. நடுவில் ரெஜிஸ்ட்ரார் இருக்கிறார்: நாம் கார்டு எண் கொடுத்துப் பெயர் வாங்கும் கடை அவருடையது. மூன்றாவது ஆள் நாம், பதிவு செய்பவர். 'வாங்கினேன்' என்று சொல்வது பேச்சுக்குத்தான். ஒரு பெயரை அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் பதிவு செய்ய முடியும், அதற்குமேல் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். குத்தகை என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

இவர்கள் எல்லாருக்கும் மேலே ஒப்பந்தம் போட்டு வைத்திருப்பது ஐகான். 1998-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உருவான லாப நோக்கற்ற அமைப்பு. எந்தப் பின்னொட்டு வேரில் சேரலாம், அதை நடத்துபவர் எதையெல்லாம் கடைப்பிடிக்க வேண்டும் என்பது ரெஜிஸ்ட்ரிக்கும் ஐகானுக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் நாம் கையெழுத்திடும் தரப்பு இல்லை. இனி வரும் சங்கடங்கள் பலவற்றுக்கு வேர் இதுதான்.

## ஐந்திலிருந்து ஆயிரத்துக்கு

1984-ல் முதல் பட்டியல் வகுத்தபோது பொதுப் பின்னொட்டுகள் ஐந்தே: .காம், .ஈடியு, .கவ், .மில், .ஆர்க். .நெட் சற்றுப் பின்னால் சேர்ந்தது. 2000-ல் ஐகான் ஏழு புதிய பின்னொட்டுகளைத் தேர்ந்தெடுத்தது. .இன்ஃபோ, .பிஸ் போன்ற பொதுவானவற்றோடு அருங்காட்சியகங்களுக்கு .மியூசியம், விமானத் துறைக்கு .ஏரோ, கூட்டுறவுச் சங்கங்களுக்கு .கூப் ஆகியவையும் அதில் இருந்தன. ஒரு துறைக்கென்றே ஒரு பின்னொட்டு என்ற எண்ணம் அப்போதே நடைமுறைக்கு வந்துவிட்டது.

மடை திறந்தது 2012-ல். 1,85,000 டாலர் கட்டினால் எந்தச் சொல்லுக்கும் விண்ணப்பிக்கலாம் என்றதும் 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. 2013 அக்டோபரில் முதலில் வேரில் சேர்ந்தவை அரபு, சிரிலிக், சீன எழுத்துப் பின்னொட்டுகள். அதன்பின் 1,200-க்கும் மேல் சேர்ந்தன. .கார்டன், .ஃபார்ம், .ஃபிளவர்ஸ், .ஃப்ளோரிஸ்ட், .ஆர்கானிக், .ஈகோ எல்லாம் அந்த அறுவடையில் வந்தவை.

## 'சமூகம்' என்ற சொல்லின் எடை

மேலே சொன்ன ஆறும் கேட்பதற்கு ஒரே பாத்தியில் முளைத்தவை போலத் தெரியும். ஒப்பந்தத்தைப் பார்த்தால் வெவ்வேறு ஜாதிச் செடிகள்.

1. திறந்த பின்னொட்டு. .கார்டன், .ஃபார்ம், .ஃபிளவர்ஸ், .ஃப்ளோரிஸ்ட் இந்த வகை. பணம் கட்டுபவர் வாங்கலாம். செடி வளர்க்கிறாரா, நிலம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கார் உதிரிபாகம் விற்பவர் .கார்டன் பெயர் வாங்கினால் தடுக்க விதி கிடையாது.

2. தகுதி கேட்கும் பின்னொட்டு. .ஆர்கானிக், அந்தத் துறையைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு நடக்கிறது. நிபந்தனையை வகுத்து அமல்படுத்துவது ரெஜிஸ்ட்ரி.

3. சமூகப் பின்னொட்டு. இதுதான் ஒப்பந்தத்திலேயே 'சமூகம்' என்று எழுதப்பட்டது. .ஈகோ நல்ல உதாரணம். சுற்றுச்சூழல் அமைப்புகளின் ஆதரவோடு விண்ணப்பித்து, சமூக முன்னுரிமைத் தேர்வில் (ஒரே சொல்லுக்குப் பலர் போட்டியிட்டால், ஒரு சமூகத்தின் சார்பில் கேட்பவருக்கு முன்னுரிமை தரலாமா என்று பார்க்கும் தேர்வு) வென்று, மற்ற போட்டியாளர்களைத் தாண்டி வந்தது. அதில் பெயர் வாங்குபவர் தம் சுற்றுச்சூழல் உறுதிமொழியைப் பதிந்தால்தான் பெயர் வேலை செய்யத் தொடங்கும்.

சமூக முன்னுரிமைத் தேர்வு லேசானதில்லை. 2012 சுற்றில் 16-க்கு 14 மதிப்பெண் வேண்டியிருந்தது. சமூகம் தெளிவாக வரையறுக்கப்பட்டதா, கேட்கும் சொல் அந்தச் சமூகத்தைத்தான் குறிக்கிறதா, பதிவு விதிகள் இறுக்கமாக இருக்கின்றனவா, ஆதரவு எவ்வளவு, எதிர்ப்பு எவ்வளவு என்று நாலு பக்கமும் உரசிப் பார்ப்பார்கள். தோற்றால் பல சமயம் கதை ஏலத்தில் முடியும். அங்கே பேசுவது பணம் மட்டும்: 2015-ல் .ஆப் பின்னொட்டை கூகுள் 2.5 கோடி டாலருக்கு எடுத்தது, 2016-ல் .ஷாப் 4.15 கோடி டாலருக்குப் போனது.

தோட்டக்காரர்கள் இந்தத் தேர்வில் தேறுவார்களா? எனக்குச் சந்தேகம்தான். எல்லைக்கோடு எங்கே? ஜன்னல் ஓரத்தில் துளசி வைத்திருப்பவர் உள்ளேயா, வெளியேயா? உறுப்பினர் பட்டியல் கிடையாது, உரிமம் கிடையாது, எல்லாருக்குமாகப் பேசும் ஒரு தலைமை கிடையாது. தோட்டம் என்ற சொல்லே உணவகம், குடியிருப்பு, பூங்கா, மழலையர் பள்ளி என்று ஊர்ப்பட்ட இடங்களில் புழங்குகிறது. அமைப்பாகத் திரளாத எந்தப் பொழுதுபோக்குக்கும் இதே கதி.

.கார்டனின் வரலாறும் இதையே சொல்கிறது. அதற்கு விண்ணப்பித்து நடத்தியது மைண்ட்ஸ் அண்ட் மெஷின்ஸ் என்ற பின்னொட்டு நிறுவனம். 2021-ல் அந்த நிறுவனம் தன் பின்னொட்டுத் தொழிலை கோடாடி ரெஜிஸ்ட்ரிக்கு விற்றபோது .கார்டனும் கைமாறியது. ஐகானின் ஒப்புதல் தேவைப்பட்டது. தோட்டக்காரர்களின் ஒப்புதலுக்கு அங்கே வேலையே இல்லை.

## விலை எங்கே கடிக்கும்

முதல் ஆண்டு விலை தூண்டில் புழு. பார்க்க வேண்டியது புதுப்பிப்பு விலை.

.காம் பெயர்களுக்கு ரெஜிஸ்ட்ராரிடம் ரெஜிஸ்ட்ரி வாங்கும் விலைக்கு உச்சவரம்பு உண்டு: ஆறாண்டுக் காலகட்டத்தின் கடைசி நான்கு ஆண்டுகளில், ஆண்டுக்கு 7 சதவீதம் வரை உயர்த்தலாம் என்பது 2018-ல் வந்த ஏற்பாடு. 2012 சுற்றில் வந்த பின்னொட்டுகளுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. ஒப்பந்தம் கேட்பது முன்னறிவிப்பு மட்டும். புதுப்பிப்பு விலையை உயர்த்த 180 நாள் முன்னால் சொல்ல வேண்டும். உயர்வுக்கு முன்பே பழைய விலையில் 10 ஆண்டு வரை புதுப்பித்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முன்னறிவிப்பு போவது ஐகானுக்கும் ரெஜிஸ்ட்ராருக்கும். அதை ரெஜிஸ்ட்ரார் உங்களுக்குச் சொன்னால் சரி. சொல்லாவிட்டால், அல்லது சொன்ன மெயில் விளம்பர மெயில்களுக்கு நடுவே புதைந்துவிட்டால், கார்டில் பணம் கழியும்போதுதான் தெரியவரும்.

2017-ல் இது நடந்தே விட்டது. .ஃபிளவர்ஸ் உட்படப் பல பின்னொட்டுகளை அப்போது நடத்திய யூனிரெஜிஸ்ட்ரி, அவற்றில் பலவற்றின் விலையைப் பன்மடங்கு உயர்த்தப்போவதாக அறிவித்தது. வாங்குபவர் குறைவு, இருப்பவர்களிடமே வருமானம் எடுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. கூச்சல் கிளம்பியதும், ஏற்கெனவே பெயர் வைத்திருப்பவர்களுக்குப் பழைய விலை தொடரும் என்று நிறுவனம் இறங்கிவந்தது. அது அவர்கள் காட்டிய சலுகை. ஒப்பந்தம் கட்டாயப்படுத்தியதால் நடந்ததில்லை.

இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு நெருக்கடியும் உண்டு. ஒரு பெயர்கூட விற்காவிட்டாலும் ரெஜிஸ்ட்ரி ஆண்டுக்கு 25,000 டாலர் ஐகானுக்குக் கட்ட வேண்டும் என்று 2012 ஒப்பந்தம் சொன்னது. சர்வர், பாதுகாப்பு, ஆட்கள் எல்லாம் அதற்கு மேல். சின்னப் பின்னொட்டு என்றால் இந்தச் சுமை சில ஆயிரம் பெயர்களின் தலையில் விழும்.

அப்புறம் பிரீமியம் பெயர்கள். ரோஜா, மூலிகை, விதை மாதிரி ஒற்றைச் சொற்களை ரெஜிஸ்ட்ரி தனியாக எடுத்துவைத்து அதிக விலை சொல்லலாம். அந்த அதிக விலை முதல் ஆண்டுக்கு மட்டுமா, ஒவ்வொரு ஆண்டுக்குமா என்பது பெயருக்குப் பெயர் மாறும். சாதாரணப் பெயர்களுக்கு ஒரே சீரான புதுப்பிப்பு விலை வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பதிவு செய்யும்போதே 'கூடுதல் புதுப்பிப்பு விலைக்குச் சம்மதம்' என்று சொன்னவருக்கு அது பொருந்தாது. அந்தச் சம்மதம் பெரும்பாலும் பணம் கட்டும் பக்கத்தில் நாம் படிக்காமல் தட்டும் ஒரு டிக் பெட்டி.

## படிவம் ஏற்காத முகவரி

பெயர் வாங்கியாயிற்று, மெயிலும் அமைத்தாயிற்று. ஏதோ ஒரு தளத்தில் கணக்குத் தொடங்க அந்த மெயிலைக் கொடுத்தால் சிவப்பு எழுத்தில் 'செல்லாத முகவரி' என்று வருகிறது. எழுத்துப்பிழை இல்லை. தவறு அந்தப் படிவத்தின் நிரலில்.

மெயில் முகவரி சரியா என்று பார்க்கும் பழைய விதி ஒன்று பல ஆண்டுகளாக நகலெடுத்து ஒட்டப்பட்டு வருகிறது: கடைசிப் புள்ளிக்குப் பின் 2 முதல் 4 எழுத்துதான் வரலாம். .இன்ஃபோ ஆங்கிலத்தில் நாலெழுத்து, தப்பித்துக்கொண்டது. .மியூசியம் ஆறெழுத்து, மாட்டிக்கொண்டது. சிலர் வரம்பை ஆறாக உயர்த்தினார்கள். அந்தப் படிவங்களில் ஆறெழுத்து .கார்டன் உள்ளே போய்விடும், ஏழெழுத்து .ஃபிளவர்ஸும் .ஃப்ளோரிஸ்டும் வாசலிலேயே நிற்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்கும் முயற்சிக்கு 'எல்லா முகவரிக்கும் ஏற்பு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெயரே உண்டு. அதற்கென ஐகான் ஆதரவில் ஒரு குழுவும் இயங்குகிறது. நிலைமை முன்பைவிடத் தேவலாம். முழுதாகத் தீரவில்லை.

இன்னொரு தொல்லை அவப்பெயர். முதல் ஆண்டு விலை மலிவாக இருக்கும் பின்னொட்டுகளில் ஸ்பேம் அனுப்புபவர்கள் மொத்தமாகப் பெயர் வாங்கித் தள்ளுவார்கள். ஸ்பேம் பழைய பின்னொட்டுகளிலிருந்து புதியவற்றுக்கு நகர்வதை 2017-ல் ஐகானுக்காகச் செய்யப்பட்ட ஆய்வும் காட்டியது. சலித்துப்போன மெயில் நிர்வாகி ஒரு பின்னொட்டையே மொத்தமாகத் தடுத்துவிடுவார்; விதை விற்பவரின் மெயிலும் அதோடு போய்விடும். 2024 ஏப்ரலில் திருத்தப்பட்ட ஒப்பந்தங்கள், ஏமாற்றுத் தளங்கள், தீங்கு செய்யும் மென்பொருள், அவற்றைப் பரப்பும் ஸ்பேம் போன்ற முறைகேடுகளுக்கு ஆதாரம் கிடைத்தால் ரெஜிஸ்ட்ரியும் ரெஜிஸ்ட்ராரும் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்கின்றன.

தேடலில் மேலே வருமா என்ற கேள்விக்கு நீளமான பதில் தேவையில்லை: வராது. பின்னொட்டில் இருக்கும் சொல்லுக்குத் தனி மதிப்பு எதுவும் தருவதில்லை என்று கூகுள் 2015-லேயே சொல்லிவிட்டது.

## கெடு தவறினால், ரெஜிஸ்ட்ரியே தவறினால்

சங்கங்களின் பெயர்கள் பறிபோவதற்கு மறதியே போதும். பொருளாளர் மாறுவார், பழையவரின் கார்டு காலாவதியாகும், நினைவூட்டல் அவருடைய மெயிலுக்கே போய்க்கொண்டிருக்கும். கெடு முடிந்தபின் 45 நாள் வரை ரெஜிஸ்ட்ரார் பெயரை வைத்திருக்கலாம். அதற்கு முன்பே நீக்கவும் உரிமை உண்டு. நீக்கியபின் 30 நாள் மீட்புக் காலம், கூடுதல் கட்டணத்தோடு. அதற்குப் பின் 5 நாள் யாராலும் தொட முடியாது. ஆறாவது நாள் முதலில் பிடிப்பவருக்கு. நல்ல பெயர் என்றால் அதைப் பிடிக்கவே மென்பொருள் வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு.

ரெஜிஸ்ட்ரியே திவாலானால்? இதற்கு ஏற்பாடு நன்றாகவே இருக்கிறது. பதிவு விவரங்களின் நகல் தொடர்ந்து மூன்றாம் தரப்பிடம் சேமிக்கப்படுகிறது. முக்கியப் பணிகள் நின்றுபோனால் அவசரகால ரெஜிஸ்ட்ரி ஒன்று பொறுப்பேற்கும். திருமணங்களுக்காக வந்த .வெட் 2017 டிசம்பரில் இப்படித்தான் காப்பாற்றப்பட்டது, முதன்முதலாக. சர்வர்கள் ஓடிக்கொண்டிருக்கும் என்று இந்த ஏற்பாடு உறுதி தரும். அந்தப் பின்னொட்டை அப்புறம் யார் எடுப்பார், என்ன விலை வைப்பார் என்பதெல்லாம் அதற்குள் அடங்காது.

## வாங்குவதானால்

1. புதுப்பிப்பு விலையைப் பாருங்கள், பிரீமியம் பெயரா என்று கேளுங்கள். பல ஆண்டு வைத்திருக்கப்போகிற பெயர் என்றால் முதலிலேயே சில ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது.
2. பதிவு யார் பெயரில், எந்த மெயிலில் என்பது முக்கியம். சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். அந்த மெயில் அதே டொமைனில், அதாவது நீங்கள் பதிந்த அதே இணையப் பெயரில், இருக்கக் கூடாது. டொமைன் முடங்கினால் மீட்புக் கடிதமும் வந்து சேராது.
3. கிளைகள் இருந்தால் ஆளுக்கொரு டொமைன் வேண்டாம். ஒரே பெயரை வாங்கி, அதன் முன்னால் கிளையின் பெயரைத் துணைப்பெயராகச் சேர்த்துக்கொள்ளலாம். துணைப்பெயருக்குத் தனியாகப் பதிவுக் கட்டணம் கிடையாது.
4. பழைய .காம் அல்லது .ஆர்க் பெயர் ஏற்கெனவே இருந்தால் விடாதீர்கள். புதுப் பெயரைத் தளத்துக்கு வைத்துக்கொண்டு, வங்கி போன்ற முக்கியக் கணக்குகளின் மெயிலைப் பழையதிலேயே வைப்பது என் பார்வையில் பத்திரமான வழி.

சரி, வாங்குவதை விட்டு, தோட்டக்காரர்களே சேர்ந்து தங்களுக்கென்று ஒரு பின்னொட்டு கேட்டால்? 2026 சுற்றுக்கு ஐகான் அறிவித்த விண்ணப்பக் காலம் ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை, கட்டணம் 2,27,000 டாலர். பணம் திரட்டிவிட்டாலும் எந்தச் சொல்லைக் கேட்பது என்பதில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. 2012 சுற்றில் .ஃபோட்டோ, .ஃபோட்டோஸ் இரண்டுமே வந்துவிட்டன. அந்தக் குழப்பம் வேண்டாம் என்று, ஏற்கெனவே இருக்கும் பின்னொட்டின் ஒருமையையோ பன்மையையோ அதே மொழியில் கேட்கக் கூடாது என்று இந்த முறை விதி வந்திருக்கிறது. .கார்டன் இருப்பதால் .கார்டன்ஸ் கேட்க முடியாது.